பூண்டு வளர்ப்புத் தொகுப்பு: பொருள் நல்ல பொருள், தாள் தப்பான தாள்

ஒன்றரை வருஷமாக இந்தத் தொகுப்பு என்னிடம் இருக்கிறது. இரண்டு பருவம் நட்டு, இரண்டு பருவம் பிடுங்கி, பிடுங்கியதைச் சமைத்தும் பார்த்துவிட்டேன். வாங்குவதற்கு முன்னால் நான் படித்த விமர்சனங்கள் எல்லாம் பார்சல் வந்த அன்றே எழுதியவை. பெட்டி அழகு, பூண்டு பருமன், ஐந்துக்கு ஐந்து என்று அவை முடிந்துவிட்டன. பூண்டு மண்ணுக்கு அடியில் விளைகிற பயிர். மேலே இலை எவ்வளவு செழிப்பாக நின்றாலும், கீழே என்ன நடக்கிறது என்பது பிடுங்குகிற நாள் வரை தெரியாது. அதனால் பிடுங்கிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. குறைத்த ஒன்றரையும் பெட்டிக்குள் இருந்த ஒரே ஒரு தாளுக்காக.

பெட்டியில் வந்தவை: 40 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள துணிப்பை இரண்டு, அழுத்தி உலர்த்திய தென்னை நார்க் கட்டி ஒன்று, ஒரு பொட்டலம் மண்புழு உரம், விதைப்பூண்டு இரண்டு வகை, 'பெரிய பூண்டு' என்று சீட்டு ஒட்டிய ஒரே ஒரு ராட்சதப் பல், மஞ்சள் வெங்காயம், சிவப்பு வெங்காயம், சின்ன வெங்காயம் மூன்றிலும் பத்துப் பத்து நாற்றுக் குமிழ்கள். அப்புறம் அந்தத் தாள். ஒரு பக்கம் நடும் முறை, மறுபக்கம் சமையல் குறிப்பு.

துணிப்பையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு பருவம் வெயிலிலும் மழையிலும் கிடந்தும் தையல் பிரியவில்லை. ஈரமண்ணோடு இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம், கைப்பிடி தாங்கியது. தண்ணீர் பக்கவாட்டிலும் கசிந்து வெளியேறிவிடுவதால் வேர் மூச்சுவிடும். பூண்டு வேர் ஆழமாகப் போகிற வேர் இல்லை, 30 செ.மீ. தாராளம். தரையில் நேராக வைத்தால் கறை பிடிக்கிறது. நான்கு செங்கல் போட்டு அதன் மேல் வைத்துவிட்டேன், சரியாகிவிட்டது.

விதைப்பூண்டும் நல்ல தரம். ஒன்று கடினத் தண்டு வகை. நடுவில் பென்சில் மாதிரி ஒரு காய்ந்த தண்டு, அதைச் சுற்றி ஒரே வட்டமாக எட்டுப் பற்கள். இன்னொன்று மென்தண்டு வகை. நடுவில் தண்டு கிடையாது, வெளியே பெரிய பற்கள், உள்ளே போகப் போகச் சின்னப் பற்கள், எண்ணினால் பதினான்கு. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இந்த மென்தண்டு வகைதான். தோல் இறுக்கமாக மூடியிருக்கும், மாதக் கணக்கில் கெடாது. கடினத் தண்டுப் பூண்டில் பல் பெரிது, உரிப்பது சுலபம், காரம் கூடுதல். ஆனால் நான்கைந்து மாதத்தில் சுருங்கவோ முளைக்கவோ தொடங்கிவிடும்.

சமையலறைப் பூண்டையே நட்டால் போதாதா, இதற்கு ஒரு பெட்டி எதற்கு என்று கேட்கலாம். நட்டால் முளைக்கும், நானே நட்டிருக்கிறேன். ஆனால் சாப்பாட்டுக்கு விற்கிற பூண்டை முளைக்காமல் இருக்கச் சில இடங்களில் மருந்தோ கதிர்வீச்சோ கொடுத்து வைப்பார்கள். அது முளைக்கத் தயங்கும். அதைவிடப் பெரிய பயம் நோய். பூண்டு, வெங்காயக் குடும்பத்தைத் தாக்கும் வெள்ளை அழுகல் என்கிற பூஞ்சை, பயிர் எதுவும் இல்லாமலே மண்ணில் இருபது வருஷம் உயிரோடு கிடக்கும். ஒரு நோய்ப் பல்லை நட்டால் அந்த மண் அவ்வளவு காலத்துக்குக் கெட்டது. பூண்டு விதையிலிருந்து வருவதில்லை, பல்லிலிருந்து பல்லாகத்தான் வருகிறது. தாய்க்கு என்ன நோயோ அது பிள்ளைக்கும் வரும். அதனால் நோயற்றது என்று உறுதி சொல்லி விற்கிற விதைப்பூண்டு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

அந்த 'பெரிய பூண்டு' உண்மையில் பூண்டே இல்லை. யானைப் பூண்டு என்று சொல்வார்கள். லீக் என்கிற தண்டு வெங்காயத்தின் நெருங்கிய சொந்தம் அது. ஒரு பல் என் கட்டைவிரலை விடப் பெரிதாக இருந்தது. காரம் மிகக் குறைவு. பூண்டு வாசனை வேண்டும் என்று நினைத்து அதைப் போட்டால் ஏமாற்றம்தான். முழுசாக அடுப்பில் சுட்டால் உருளைக்கிழங்கு மாதிரி மசிந்து நன்றாக இருக்கிறது. இதையும் தாளில் சொல்லியிருக்கலாம்.

இனி நடவு. தாள் சொன்னது இவ்வளவுதான்: பல்லைப் பிரித்து, கூர் முனை மேலே பார்க்க 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள், தினமும் தண்ணீர் ஊற்றுங்கள், 90 நாளில் அறுவடை.

கூர் முனையும் ஆழமும் சரி. ஒரு பைக்கு எட்டு அல்லது ஒன்பது பல், இடைவெளி 10 செ.மீ.க்குக் குறையாமல். கடினத் தண்டின் எட்டுப் பல்லும் ஒரு பையில், மென்தண்டின் பெரிய ஒன்பது பல் இன்னொரு பையில். உள்ளே இருந்த சின்னப் பல் ஐந்தையும் ஒரு பழைய பேசினில் நெருக்கமாக நட்டேன். அவை மண்ணுக்கடியில் தலை பருப்பதற்கு இல்லை, இலையை வெட்டிச் சாப்பிடுவதற்கு. இந்தப் பேசின்தான் முதல் பருவத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி. மூன்றாவது வாரமே கரும்பச்சை இலை. கத்தரியால் நறுக்கி முட்டைப் பொரியலின் மேல் தூவினால் பூண்டும் வெங்காயத் தாளும் சேர்ந்த வாசனை.

90-வது நாள் இலை பச்சைப்பசேல் என்று நின்றது. அவசரப்பட வேண்டாம் என்று விட்டேன். 120 ஆனது. 150-வது நாள்தான் கீழ் இலைகள் மூன்று மஞ்சளாகிக் காய்ந்தன. கடினத் தண்டுப் பையில் முதல் செடியைச் சுற்றிச் சின்னக் கரண்டியால் மண்ணைத் தளர்த்தி, கழுத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். வந்தது ஒரு உருண்டை. கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிது, அடியில் தாடி மாதிரி வெள்ளை வேர். தோலை உரித்தேன். உள்ளே இன்னொரு தோல். அதற்குள் வழவழவென்று ஒரே கட்டி. பல் பிரியவே இல்லை. குறுக்கே வெட்டினால் நடுவில் இளம்பச்சைக் குருத்து, சுற்றிலும் பால் வெள்ளைச் சதை. படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். அவளும் இதே பெட்டியை வாங்கியிருந்தாள்.

"அக்கா, இது பூண்டா வெங்காயமா? எனக்கும் இப்படித்தான் வந்திருக்கு" என்றாள்.

எட்டில் ஆறு இப்படி. மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு பல் மட்டும். மென்தண்டுப் பையில் ஒன்பதில் ஏழு பல் பிரிந்து வந்தன, ஆனால் சின்னது. ஒன்று ஒற்றை உருண்டை. ஒன்று அடியில் அழுகிப் பழுப்பு நிறக் கூழாகியிருந்தது.

நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதினேன். வெயில் போதவில்லை என்று பதில் வந்தது. தினமும் ஆறேழு மணி நேரம் நேர்வெயில் படுகிற இடம் அது. வெயில் காரணம் இல்லை, குளிர்தான் காரணம். பூண்டு மத்திய ஆசிய மலைப் பக்கத்திலிருந்து வந்த பயிர். உறைகிற குளிரை மண்ணுக்குள் கழித்துவிட்டு, வசந்தத்தில் பகல் நீளும்போது தலை பருப்பது அதன் சுபாவம். நட்ட பல்லோ முளைத்த செடியோ ஆறு முதல் எட்டு வாரம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் உள்ளே பல் பிரிவதற்கான ஏற்பாடு தொடங்கும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் செடி உயிரோடு இருக்கும், இலை விடும், கடைசியில் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். கடினத் தண்டு வகைக்குக் குளிர் கட்டாயம். மென்தண்டு வகை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். என் இரண்டு பைகளின் கணக்கும் அப்படியே இருந்தது.

குளிர்காலம் நன்றாகக் குளிர்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. குளிர் தொடங்கும்போது நட்டுவிட்டு, மேலே சருகு போட்டு மூடிவிட்டால் மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும். அங்கே எட்டொன்பது மாதம் ஆகும் என்பதையும் தாள் சொல்லவில்லை. குளிர் குறைந்த இடத்தில் இருப்பவர்களுக்குக் குளிர் ஃப்ரிட்ஜிலிருந்து வர வேண்டும். இந்த ஒரு வரியை அச்சடிக்க எவ்வளவு இடம் ஆகியிருக்கும்? ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்ட ஒருவர் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குச் செடி வளர்க்க வராது என்று முடிவுகட்டிவிடுவார். தங்கை அப்படித்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

உருண்டைகளை எறியாதீர்கள். இதுவும் தாளில் இல்லாத செய்தி. ஒற்றை உருண்டை என்பது ஒரு பெரிய விதைப்பல். அடுத்த பருவம் குளிர் காட்டி நட்டால் முழுப்பூண்டாகும். இரண்டு பையிலுமாக, வெட்டியது போக மிஞ்சிய ஆறு உருண்டையையும் நிழலில் மூன்று வாரம் உலர்த்தி, காற்றாடும் கூடையில் வைத்திருந்தேன். நடுவதற்கு எட்டு வாரம் முன்னால் காகித உறையில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, செத்துவிடும். வெளியே எடுத்த அன்றே நட வேண்டும். குளிர் பட்ட பூண்டு முளைக்கத் துடித்துக்கொண்டிருக்கும். நான் எடுத்தபோது இரண்டு ஏற்கெனவே பச்சை மூக்கை நீட்டியிருந்தன.

மண்ணையும் மாற்றினேன். நார்க் கலவை மட்டும் போட்டால் மேலே காய்ந்தது போல் தெரியும், விரலை விட்டால் அடியில் சேறாக இருக்கும். அதற்கு மேல் தாள் சொன்னபடி தினமும் தண்ணீர். அழுகாமல் என்ன செய்யும்? இந்த முறை மூன்று பங்கு கலவைக்கு ஒரு பங்கு பருமணல் சேர்த்தேன். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர். ஒரு பல் கூட அழுகவில்லை.

130-வது நாள் வாக்கில் கடினத் தண்டுச் செடிகளின் நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பியது. முதல் பருவத்தில் ஒரு செடியிலும் இது வரவில்லை. நேராக எழுந்து, பாம்பு தலையைத் திருப்புவது போல் வளைந்து, ஒரு முழு வட்டம் போடும். அந்த முதல் வட்டத்தில் வெட்டிவிட வேண்டும். விட்டால் செடி தன் சத்தைத் தலைக்குக் கொடுக்காமல் பூவுக்கும் அதில் வரும் குட்டிக் குமிழ்களுக்கும் கொடுக்கும். வெட்டிய தண்டுதான் இந்தப் பெட்டியிலிருந்து எனக்குக் கிடைத்த மிக ருசியான பொருள். விரல் நீளத்துக்கு நறுக்கி, சூடான எண்ணெயில் மூன்று நிமிஷம், கடைசியில் உப்பு. பீன்ஸின் நறுக்கும் பூண்டின் வாசனையும் ஒன்றாக இருக்கும், காரம் நாக்கைச் சுடாது. இதற்காக மட்டுமே கடினத் தண்டு வகையை நடலாம் என்பது என் கட்சி.

தண்டு வெட்டி நாலு வாரத்தில் பிடுங்கினேன். எப்போது பிடுங்குவது என்பதற்கு நாள் கணக்கை நம்பாதீர்கள், இலையை எண்ணுங்கள். ஒவ்வொரு இலையும் கீழே பூண்டைச் சுற்றிய ஒரு தோலாக முடிகிறது. கீழ் இலைகள் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை காய்ந்து, மேலே ஐந்தாறு பச்சை இலை மிச்சம் இருக்கும்போது பிடுங்கினால், பூண்டைச் சுற்றி ஐந்தாறு நல்ல தோல் இருக்கும். எல்லா இலையும் காயட்டும் என்று விட்டால் தோல் மக்கி, பற்கள் மண்ணுக்குள்ளேயே விரிந்துபோகும். கடைசி இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

ஆறில் ஐந்து முழுப்பூண்டு. பெரியது 48 கிராம், ஏழு பல். கடையில் இதைவிடப் பெரிது கிடைக்கும், தெரியும். ஆனால் அந்த ஏழு பல்லையும் பிரித்துத் தட்டில் வைத்தபோது, போன வருஷம் பிரிய மறுத்த அதே உருண்டை இப்படிப் பிரிந்திருக்கிறதே என்று கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

உலர்த்தாத புதுப்பூண்டைச் சமைத்துப் பாருங்கள். தோல் ஈரமாக, தடித்து, வெண்ணெய்க் காகிதம் போலக் கழன்று வரும். மீதியை இலையோடு கொத்தாகக் கட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் மூன்று வாரம் தொங்கவிட்டால் போதும்.

சமையல் பக்கத்துக்கு வருகிறேன். தாளின் மறுபக்கம், பூண்டை நறுக்கி எண்ணெயில் போட்டுச் சாதாரண அறைச் சூட்டில் ஒரு மாதம் வைத்துப் பயன்படுத்தலாம் என்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மண்ணில் வளர்ந்த பொருளில் போட்டுலினம் கிருமியின் வித்து இருக்கக்கூடும். எண்ணெய்க்குள் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. அந்தக் கிருமி நஞ்சு உண்டாக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. வாசனையிலோ நிறத்திலோ எதுவும் தெரியாது. பூண்டு எண்ணெய் வேண்டுமானால் அன்றன்றைக்குச் செய்யுங்கள். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் ஃப்ரீசர். மதிப்பெண்ணில் ஒன்று குறைந்தது இந்த வரிக்காகத்தான்.

பூண்டின் காரம் முழுப் பல்லில் இல்லை. நசுக்கும்போதுதான் பிறக்கிறது. உயிரணுக்கள் உடைந்ததும் ஒரு நொதி வேலை செய்து அல்லிசின் என்ற பொருளை உண்டாக்குகிறது. 1944-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். அதனால் காரம் வேண்டும் என்றால் நசுக்கிப் பத்து நிமிஷம் பலகையில் விட்டுவிட்டு அடுப்பில் போடுங்கள். காரம் வேண்டாம், இனிப்பு வேண்டும் என்றால் தோலோடு முழுசாகச் சுடுங்கள். ஒரே பூண்டு, இரண்டு ருசி. கடினத் தண்டுப் பூண்டில் இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது.

வினிகரில் போட்ட பூண்டு சில சமயம் நீலப் பச்சையாக மாறும். தங்கை இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தாள். "அக்கா, பாட்டிலில் இருக்கிறது எல்லாம் பச்சையாயிடுச்சு, கொட்டிடட்டுமா?" கொட்டாதேடி என்றேன். அது புளிப்பும் பூண்டின் கந்தகமும் சேர்ந்து காட்டுகிற நிறம், கெட்டதற்கு அடையாளம் இல்லை.

வெங்காயக் குமிழ்களில் சின்ன வெங்காயம் அள்ளிக் கொடுத்தது. ஒரு குமிழ் நட்ட இடத்தில் ஐந்து, ஆறு. ஒரு செடியில் எட்டு எண்ணினேன். கொத்தாகப் பிரிந்து பெருகுவது அதன் குணம். சிவப்பு பரவாயில்லை, டேபிள் டென்னிஸ் பந்து அளவில் ஏழு. மஞ்சள் வெங்காயம் தலை பருக்கவே இல்லை, தடித்த இலையாக நின்றது. வெங்காயம் பகல் நீளத்தைப் பார்த்துத் தலை பருக்கிற பயிர். சில வகைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பகல் போதும். சில வகை பதினான்கு மணி நேரத்தைத் தாண்டினால்தான் அசையும். எந்த வகை என்று சொல்லாமல் வெங்காயக் குமிழை விற்கவே கூடாது. எழுதிக் கேட்டேன். 'எல்லா இடத்துக்கும் ஏற்றது' என்று ஒரு வரிப் பதில். என் பால்கனிக்கு ஏற்கவில்லை. அந்த இலையை அறுத்துச் சூப்பில் போட்டுத் தீர்த்தேன்.

சமையல் குறிப்பில் இன்னொரு வரி: 'வெங்காயம் எந்த வகையானாலும் மாற்றிப் பயன்படுத்தலாம்.' இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மஞ்சளும் வெள்ளையும் வெளியே வாங்கி, நான்கு வகையையும் ஒரே நாளில், ஒரே வாணலியில், ஒரே தீயில், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தேன்.

மஞ்சள் வெங்காயம் பொறுமைக்காரர்களுக்கு. கந்தகம் கூடுதல், பச்சையாகக் கடித்தால் மூக்கில் ஏறும். ஆனால் சர்க்கரையும் இருக்கிறது. ஒரு கிலோவை மெல்லிசாக அரிந்து, கொஞ்சம் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, சிறு தீ. முதல் பதினைந்து நிமிஷம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே. அது வற்றும் வரை நிறம் மாறாது, தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு வேகாது. முப்பதாவது நிமிஷம் வைக்கோல் நிறம். அடியில் பிடிக்கிற பழுப்பை ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சுரண்டிச் சுரண்டிச் சேர்க்க வேண்டும், ருசி முழுவதும் அதில்தான். ஐம்பதாவது நிமிஷம் ஜாம் மாதிரி ஒரு கிண்ணம் மிஞ்சியது, நிறுத்தால் 260 கிராம். நுனிவிரலில் எடுத்து வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு வறுத்த வாசனை. சோடா உப்பு போட்டால் சீக்கிரம் சிவக்கும், அதையும் செய்தேன். சிவந்தது, ஆனால் இழை கரைந்து கூழாகிவிட்டது. கூழ் வேண்டாதவர்கள் போட வேண்டாம்.

சிவப்பு வெங்காயத்தை அதே மாதிரி ஐம்பது நிமிஷம் வைத்தேன். இனிப்பு வந்தது, நிறம் செத்துச் சாம்பலாகிவிட்டது. அதன் இடம் அடுப்பு இல்லை, பச்சையாகச் சாப்பிடுகிற தட்டு. வளையமாக அரிந்து குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் கடுப்பு இறங்கும், மொறுமொறுப்பு இருக்கும். வடித்து எலுமிச்சை பிழிந்தால் அந்த மங்கிய ஊதா கண்முன்னே பளிச்சென்ற ரோஜா நிறமாகும். புளிப்புப் பட்டதும் சிவக்கிற நிறமி அது.

வெள்ளை வெங்காயம் சீக்கிரம் வெந்து, சீக்கிரம் மறைந்துவிடுகிறது. பத்து நிமிஷ வதக்கலுக்கும் வெள்ளைச் சாறுக்கும் நல்லது. அதைப் பற்றி வேறு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சின்ன வெங்காயம் உரிக்கிற வேலை கண்ணைக் கசக்கும். வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். நறுக்கி வதக்கினால் அதன் நயம் பாதி போய்விடுகிறது. முழுசாக, மூடி போட்டு, மெதுவாக இருபது நிமிஷம் வேகவிட்டால் வெளியே பொன்னிறமாகவும் உள்ளே வெண்ணெயாகவும் இருக்கும், பூண்டின் சாயலும் கொஞ்சம் தெரியும். என் கையால் நட்டது என்பதற்காகச் சொல்லவில்லை, நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான்.

வெட்டுகிற திசையும் பெரிய வித்தியாசம் செய்கிறது. வேரிலிருந்து நுனி நோக்கி நீளமாக அரிந்தால் துண்டு வெந்த பிறகும் உருக்குலையாது. குறுக்கே வட்டமாக அரிந்தால் சீக்கிரம் கரையும். கண்ணீரைப் பொறுத்தவரை, வெங்காயம் அதற்கென்றே தனியாக ஒரு நொதி வைத்திருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் கண்டுபிடித்தார்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நன்றாகத் தீட்டிய கத்தியால் அரிந்தால் பாதி அழுகை குறையும். மொட்டைக் கத்தி நசுக்கும், நசுக்கினால் கண் எரியும்.

வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றாகவே வாணலியில் போடச் சொல்கிறது அந்தத் தாள். பூண்டில் தண்ணீர் குறைவு, சர்க்கரைச் சத்து கூடுதல். வெங்காயம் இன்னும் வெந்துகொண்டிருக்கும்போதே பூண்டு கருகிக் கசந்துவிடும். வெங்காயம் கண்ணாடி போல ஆன பிறகு பூண்டைப் போடுங்கள்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் பையை அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பூண்டும் வெங்காயமும் பச்சையானாலும் வெந்ததானாலும் அவற்றின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். இதையும் பெட்டியில் எங்கும் அச்சிடவில்லை.

இந்தப் பெட்டியை வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும், வந்த அன்றே பையை விரித்து நட உட்கார வேண்டாம். உங்கள் இடத்தில் குளிர் குறைவு என்றால், பூண்டைப் பிரிக்காமல் முழுசாகக் காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நடுகிற அன்று பல்லைப் பிரித்தால் போதும். அந்த எட்டு வாரத்தில் பருமணல் தேடுங்கள், பேசினில் சின்ன வெங்காயத்தை நடுங்கள். தங்கை போன வாரம் அவளுடைய உருண்டைகளை உள்ளே வைத்துவிட்டாள். என் உறையில் இன்றைக்கு 41-வது நாள்.